பதினாறு ஓட்டையில் பன்னிரண்டு போல்ட்டு

7 ஜூலை 2025, திங்கள்

பதினோராவது படகு முடிந்தது. நரிப்பையூர் வெள்ளத்துரை அண்ணனுக்கு. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. நாளைக் காலை நான் கொண்டுபோய் இறக்குகிறேன்.

பாலவனத்தம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் கொட்டகையை எட்டிப் பார்த்து இன்னமும் சிரிக்கிறார்கள். கண்மாயே வெடித்துக் கிடக்கிற ஊரில் படகு கட்டுகிறான் பார் என்று. சிரிக்கட்டும். ஃபைபருக்கு ஈரக்காற்று ஆகாது. இந்த வறட்டுக் காற்றில் சட்டென்று இறுகிவிடும். என் கணவர் ஆலன் தூத்துக்குடியில் பத்து வருடம் கற்ற வேலை இது. அவர் கட்டுகிறார். எட்டு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டிய நான், பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, கடற்கரை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறேன். பத்துப் படகில் ஒன்றுகூடக் கீறல் பட்டதில்லை.

இன்று மத்தியானம் டிரெய்லரை நானே பார்த்தேன். பிக்கப்போடு மாட்டுகிற நீளமான சதுரக் குழாயை மூக்கு என்போம். அந்த மூக்கை டிரெய்லரின் உடம்போடு பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். உப்புத்தண்ணீரில் இறக்கி இறக்கி இரண்டும் துருவேறிப் பாதியாகிவிட்டன. தட்டி எடுத்துவிட்டு எவர்சில்வர் போல்ட்டு போட்டேன். பதினாறு எம்எம் கடையில் இல்லை. பன்னிரண்டுதான் இருந்தது. பெரிய வாஷர் வைத்து இறுக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. பளபளவென்று நகை மாதிரி இருக்கிறது. இனிமேல் துரு என்ற பேச்சே கிடையாது.

"பூமிநாதன்கிட்ட ஒருதடவ காட்டிருவமா?" என்றார் ஆலன். டிரெய்லரைச் செய்தது பூமிநாதன் அண்ணன் பட்டறைதான். ரெண்டு போல்ட்டு மாற்ற அவர் எதற்கு?

8 ஜூலை, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது.

எம்.ரெட்டியபட்டி தாண்டி ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் எனக்குப் பின்னால் இல்லை, இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. தானாக. படகோடு. ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கித் தரிசுக் காட்டுக்குள் நேரே ஓடுகிறது. அங்கே ஆடுகள். ஒரு பொம்பளை. அய்யோ, கத்தினேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை.

அவள் பாய்ந்து விழுந்தாள். வலதுகை மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓர் ஆடு செத்துப்போனது. படகின் முன்முனை சீமைக்கருவைத் தூரில் மோதிப் பிளந்தது.

அவளைத் தூக்கி பிக்கப்பில் வைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தத் திட்டு நிற்கக்கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன். திட்டுகிறவரைக்கும் உயிரோடு இருக்கிறாள் அல்லவா.

பெயர் கருத்தம்மாள்.

9 ஜூலை, புதன்

நேற்று அந்த இடத்தில் கூடியவர்களில் ஒருவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. "பொம்பளகிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்." நான் ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை. பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது.

ஆலன் டிராக்டர் வைத்து டிரெய்லரையும் படகையும் கொட்டகைக்கு இழுத்து வந்தார். மூக்கைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகள் இரண்டும் விரிந்து கிழிந்திருக்கின்றன. அதைத்தான் அவர் பார்த்தார். "பூமிநாதன் வெல்டிங் வச்ச லட்சணம்! மெல்லிசுப் பட்டையப் போட்டு ஏமாத்திப்புட்டான். ஒரு உசுரு போயிருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அறுந்த போல்ட்டுத் துண்டுகளைக் காட்டில் நான்தான் பொறுக்கினேன். மூன்று துண்டுகள். பிக்கப்பின் சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன.

11 ஜூலை, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட கருத்தம்மாளைப் பார்க்கப் போனேன். ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டுவீடு. என் அம்மா வயது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நாற்பத்தைந்துதான். புருஷன் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. போலீஸுக்குப் போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். செத்த ஆட்டுக்கும் வைத்தியத்துக்கும் நாங்கள் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மிச்சம் பதிமூணு உருப்படி கட்டுத்தறியில கத்திக்கிட்டு நிக்கிது. அதுகள யாரு மேய்ப்பா? ஒத்தக் கையில கம்ப வச்சுக்கிட்டு நானா?"

"ஆள் யாரையாச்சும் ஏற்பாடு பண்றேன்க்கா."

"ஆளு நம்ம ஆட்டத் தன் ஆடு மாதிரி பாப்பானா? நீ வா. ஆறு வாரம் கட்டாம்ல. காலைல மூணு மணி நேரம் மேச்சுட்டுப் போ. நான் கூட உக்காந்து பாத்துக்கிடுறேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது குழந்தைகளை ஒரு வேனில் அடக்கியவள் நான். பதிமூன்று ஆடு என்ன செய்துவிடும்?

12 ஜூலை, சனி

பதிமூன்று ஆடு என்ன வேண்டுமானாலும் செய்யும்.

13 ஜூலை, ஞாயிறு

கோயிலில் ஆலன் எனக்காக ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். போதகர் பெயர் சொல்லி ஜெபித்தார். பெரிய விபத்திலிருந்து மகள் ஆன்சியைக் காத்தீரே என்று சபையே ஆமென் சொன்னது. வெளியே வந்ததும் ஆளுக்கொரு கேள்வி. ஆலன் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார். "டிரெய்லர் செஞ்சவன் பண்ண வேல. காசுக்கு ஆசப்பட்டு மெல்லிசுத் தகட்டப் போட்டிருக்கான்."

நான் பக்கத்தில் நின்றேன். சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. நான் பொய் சொல்லவில்லையே? ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. அவ்வளவுதான்.

16 ஜூலை, புதன்

துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்றிருந்தேன், பார்த்துவிட்டேன்.

போல்ட்டு நேராக அறுந்திருக்கவில்லை. நட்டு ஏறுகிற மரை இருக்கிற இடத்தில், சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றது மாதிரி தேய்ந்து, நடுவில் மிச்சமிருந்த கொஞ்சம்தான் கடைசியில் ஒடிந்திருக்கிறது. பதினாறு எம்எம் ஓட்டைக்குள் பன்னிரண்டு எம்எம் கம்பி. சுற்றிலும் காலி இடம். வண்டி ஒவ்வொரு குழியில் இறங்கி ஏறும்போதும் மூக்கு முன்னும் பின்னும் ஆடி அதைச் சுத்தியல் மாதிரி அடித்திருக்கிறது. இங்கிருந்து ரெட்டியபட்டி வரைக்கும் அடித்திருக்கிறது. வாஷர் பெரிதாக இருந்து என்ன? ஓட்டைக்குள் வாஷர் போய் நிற்குமா?

பட்டை விரிந்தது கடைசியில். ஒரு போல்ட்டு போனதும் பாரம் முழுவதும் மற்றதில் விழுந்து, மூக்கு கோணி, பட்டையைக் கிழித்திருக்கிறது. பூமிநாதன் அண்ணன் வெல்டிங் அப்படியே இருக்கிறது. ஓர் இடத்தில்கூட விடவில்லை.

நான்தான்.

17 ஜூலை, வியாழன்

ஆடு மேய்க்கையில் கருத்தம்மாள் கருவை நிழலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்கிறாள். "அந்தச் செவலைய விடாத, அது பருத்திக் கட்டைக்குப் போகும்." "ஏத்தா டிரைவரு, முன்னால போயி மறி, பின்னால நின்னு கத்துனா ஆட்டுக்குக் கேக்குமா?" ஐந்தாறு நாளில் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. செவலை இப்போது என் குரலுக்குத் திரும்புகிறது.

இன்று திடீரென்று சொன்னாள். "எங்க கொழுந்தனாரு நாலு பேரக் கூட்டிக்கிட்டு அருப்புக்கோட்டைக்குப் போறாராம். அந்த வெல்டிங்காரன் பட்டறையில போயி நாலு வார்த்த கேக்காம விடமாட்டாராம். கேக்கட்டும். அவன் வெளங்குவானா? என் கையி போனதுக்கு அவன் கையில..."

"அக்கா." நிறுத்தினேன். "அவரு இல்லக்கா. நான்."

"என்ன நீ?"

சொன்னேன். எவர்சில்வர், பன்னிரண்டு, பதினாறு, எல்லாம். அவளுக்கு அளவெல்லாம் புரிந்ததோ இல்லையோ, "பெரிய ஓட்டையில சின்னதச் சொருகுன" என்று அவளே சொன்னாள். ஆடுகள் தூரமாகப் போய்விட்டன. மறிக்கவும் சொல்லவில்லை.

கடைசியில், "கட்டு அவுத்த பெறகும் இன்னும் ரெண்டு வாரம் மேயி" என்றாள்.

"சரிக்கா."

"கொழுந்தனாருட்ட நான் சொல்லிக்கிடுறேன். வெல்டிங்காரன்ட்ட நீ சொல்லு. உம் புருசன்ட்டயும் நீ சொல்லு. அதையும் என்னிய சொல்லச் சொல்லாத."

17 ஜூலை, அதே நாள், சாயங்காலம்

ஆலனிடம் சொல்லிவிட்டேன். பிளந்த முனைக்கு அவர் ரெசின் பசை பூசி ஃபைபர் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். துண்டுகளை அவர் முன்னால் பலகையில் வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கோயில்ல என்னையப் பேசவிட்டுப் பக்கத்துல நின்னியே ஆன்சி" என்றார். அவ்வளவுதான். பிரஷ்ஷை எடுத்து மறுபடி ஒட்ட ஆரம்பித்துவிட்டார்.

கத்தியிருந்தால் தேவலை.

18 ஜூலை, வெள்ளி

பூமிநாதன் அண்ணன் பட்டறை. துண்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆலன் வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவர் டிப்பர் கதவு ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்ததும், "வாங்க. இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்றார். எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இன்று 'வாங்க'.

நான் நின்றபடியே சொன்னேன். முழுவதையும். துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு டிரெய்லரு ஆர்டரு கையவிட்டுப் போச்சு, தெரியுமா? திருச்சுழிக்காரரு ஒருத்தரு. அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. நாலு பேரு வாயில என் பேரு நாறுது."

"நானே அவுக வீட்டுக்குப் போயிச் சொல்லுறேன்ணே."

"போயி?"

"போயி, தப்பு என்னுதுன்னு சொல்லுறேன். அண்ணன் வச்ச வெல்டிங் ஒண்ணுகூட விடலன்னு சொல்லுறேன்."

துண்டுகளைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு டிரெய்லரைப் பற்றிக் கேட்டார். "அத இப்ப யாரு சரி பண்றது?"

"நீங்கதான். நீங்க பண்ணாட்டி நான் வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். ஆனா போல்ட்டு நான்தான் கடையில பாத்து எடுப்பேன்."

இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இம்புட்டு ஆன பெறகுமா?"

ஆமாம். இம்புட்டு ஆன பிறகுதான். ஒரு வேலையில் தோற்றவள் அதை முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விட்டால், பிறகு எந்த வேலையைத் தொட்டாலும் கை நடுங்கும். எனக்கு இன்னும் முப்பது வருடம் வண்டி ஓட்ட வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் அனுமதி கேட்டு, முன்னால் போய் நின்று, போன வாரம் டிரெய்லர் செய்தவரைப் பற்றிச் சொன்னது சரியில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மூன்று வாக்கியம். ஆலன் தலையைக் குனிந்திருந்தார். திருச்சுழிக்காரர் வீட்டுக்கு நேற்றே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் காப்பி கொடுத்தார். ஆர்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

ஆடு மேய்த்துவிட்டு நேராக மதுரை. கமுதிப் பக்கத்துச் சோலார் பண்ணைகளுக்குச் சட்டம் பூட்டுகிற போல்ட்டு சப்ளை செய்கிற ஒரு கடை இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் ஜெகதீஸ்வரன். என் வயதுதான் இருக்கும். முதலில் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுந்த துண்டை மேஜையில் வைத்ததும் பார்த்தார்.

"எவர்சில்வரா? யாரு போட்டா?"

"நான்."

"துருப் புடிக்காதுன்னா?"

"ஆமா."

"துருப் புடிக்காது. சரிதான். ஆனா இது கைப்பிடிக் கம்பிக்குப் போடுறது. தலையில ஒரு நம்பராச்சும் இருக்கா பாருங்க."

இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. அன்றைக்கு அதை அழகு என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் அவரை விடவில்லை. கேட்டேன், எழுதிக்கொண்டேன். தலையில் பலத்தைக் காட்டுகிற எண், 8.8 என்று குத்தியிருக்க வேண்டும், கூடவே கம்பெனி முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத 8.8-ஐ நம்பக்கூடாது, அதை யார் வேண்டுமானாலும் குத்தலாம். கடல் தண்ணீரில் இறங்குகிற வண்டி என்றால் சும்மா வெள்ளை முலாம் ஆறு மாதம்கூடத் தாங்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது வேண்டும். அது பளபளக்காது, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். நட்டும் வாஷரும்கூட அதே முலாமாக இருக்க வேண்டும், வேறு உலோகம் கலந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். இவையெல்லாவற்றையும்விட ஒன்று என் மண்டையில் ஏறியது: போல்ட்டின் நீளம். பட்டையும் குழாயும் சேருகிற இடத்தில் மரை வரவே கூடாது. அங்கே வழுவழுப்பான தண்டுதான் இருக்க வேண்டும். மரை என்பது ஏற்கெனவே வெட்டின இடம், அறுப்பு அங்கேதான் தொடங்கும்.

என் போல்ட்டில் தலையிலிருந்து நுனிவரை மரை.

25 ஜூலை, வெள்ளி

பூமிநாதன் அண்ணன் பட்டறையில் இன்று பரீட்சை. மூன்று போல்ட்டுகள், மூன்று கடைகளிலிருந்து, மூன்றும் பதினாறு எம்எம். ஒன்று தலையில் எந்த எண்ணும் இல்லாதது. ஒன்று 8.8 மட்டும் குத்தியது, முத்திரை இல்லை. மூன்றாவது ஜெகதீஸ்வரன் கடையில் வாங்கியது.

லாரி டயர் கடையிலிருந்து, எவ்வளவு இறுக்குகிறோம் என்று எண் காட்டுகிற ஸ்பானரை இரவல் வாங்கி வந்தேன். தடித்த தகட்டில் ஒவ்வொன்றாக மாட்டி, ஜெகதீஸ்வரன் சொன்ன இருநூறு வரும்வரை முறுக்கினோம்.

எண் இல்லாதது நூறைத் தாண்டியதும் வெண்ணெய் மாதிரி இழுபட்டது. கழுத்து மெலிந்து தெரிந்தது.

முத்திரையில்லாத 8.8 நூற்று நாற்பதில் 'டக்'. தலை தனியாகத் தெறித்துச் சுவரில் பட்டது. பூமிநாதன் அண்ணன் குனிந்து அதை எடுத்தார். "ஏ... இதத்தான் போன வருசம் நான் ஒரு டிப்பருக்குப் போட்டேன்." முகம் மாறிவிட்டது. கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு அந்த டிப்பர்காரர் மாரீஸ்வரனுக்குப் போன் போட்டார். "ஏலே, வண்டிய எடுக்காத. நாளைக்கு நான் வாரேன்."

மூன்றாவது இருநூறில் அசையவில்லை. கழற்றி மரையைச் சோதித்துப் பார்த்தோம். நட்டு விரலாலேயே சுற்றிக்கொண்டு போனது.

"தங்கச்சி, போல்ட்ட வாங்கி ஒடச்சுப் பாத்துட்டு வேல செய்யிறத இன்னைக்கித்தான் பாக்குறேன்" என்றார்.

தங்கச்சி.

29 ஜூலை, செவ்வாய்

சண்டை. நல்ல சண்டை.

அண்ணன் சொன்னார்: போல்ட்டே வேண்டாம், மூக்கை உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம், தொல்லை விட்டது. நான் மாட்டேன் என்றேன். உப்பு தின்கிற குழாய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். பற்றவைத்துவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டித்தான் குழாய் முதலில் விரிசல் விடும். அவருக்கே அது தெரியும். என்னைச் சோதிப்பதற்காகக் கேட்டாரோ என்னவோ.

அப்புறம், "அப்பச் சரி, எட்டு புள்ளி எட்டு எதுக்கு? பத்து புள்ளி ஒம்பது இருக்குல்ல, அதப் போடுவோம். பெருசுன்னா பெருசுதான" என்றார். இதை ஜெகதீஸ்வரனிடம் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். ரொம்பக் கடினமான போல்ட்டு துத்தநாகத்தில் முக்கினாலும் உப்பில் கிடந்தாலும் உள்ளுக்குள் நொறுங்கும் குணம் வந்துவிடுமாம். வளையாது, எச்சரிக்காது, ஒருநாள் பட்டென்று போய்விடும். எனக்கு வளைந்து காட்டுகிற போல்ட்டுதான் வேண்டும். கெட்டுப்போகப் போகிறது என்றால் முன்னாடியே என் கண்ணில் பட வேண்டும்.

"சரி, ஓந் தொல்ல" என்றார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்தான் ஜெயித்தார். சதுரக் குழாய் உள்ளே வெற்று. இருநூறுக்கு முறுக்கினால் குழாயின் இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கிவிடும், நாளைக்கே இறுக்கம் தளரும். அதனால் போல்ட்டு போகிற வழியில், குழாயின் உள் அகலத்துக்குச் சரியாக அறுத்த இன்னொரு சின்னக் குழாயை உள்ளே வைத்து நிறுத்துகிறார். போல்ட்டு அதற்குள் நுழைந்து வரும். எவ்வளவு முறுக்கினாலும் சுவர் அமுங்காது. இதை நான் யோசிக்கவே இல்லை. கை தட்டினேன்.

2 ஆகஸ்ட், சனி

புதுப் பட்டைகள் வைத்தாயிற்று. பத்து எம்எம் தடிப்பு. ஓட்டையை அண்ணன் கேஸ் தீயில் ஊதி அறுக்கவில்லை, டிரில்லில் போட்டார். போல்ட்டு கையால் தள்ளினால் உரசிக்கொண்டு போக வேண்டும், தொளதொளவென்று விழக்கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். இறங்கியது. தண்டு இரண்டு பட்டைகளையும் தாண்டி வெளியே வந்த பிறகுதான் மரை ஆரம்பிக்கிறது. நட்டு தானாகக் கழலாத வகை. கடைசி இறுக்கம் நான் செய்தேன். ஸ்பானர் 'டிக்' என்றது.

நட்டிலிருந்து பட்டை வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும்.

மூக்கின் அடியில் இரண்டு சங்கிலிகள் குறுக்காக, பிக்கப்போடு மாட்ட. போல்ட்டே போனாலும் டிரெய்லர் என்னை விட்டு ஓடாது. இது முதலிலேயே இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் கருத்தம்மாள் அக்காவுக்குக் கை முறிந்திருக்காது.

6 ஆகஸ்ட், புதன்

படகு எடைக்கு மணல்மூட்டை ஏற்றி, பந்தல்குடி வரை போய்த் திரும்பினோம். பூமிநாதன் அண்ணன் என் பக்கத்தில். வேகத்தடை எதையும் விடவில்லை. வந்து சேர்ந்ததும் இறங்கி ஸ்பானர் வைத்துப் பார்த்தோம். பின் போல்ட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கம் வாங்கியது, முன்னது அசையவில்லை. கோட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். பெயிண்ட் வழிந்து தொலைந்தது, அதனால் என்ன.

வீட்டில் ஆலன் கேட்டார், "நின்னுச்சா?"

"நின்னுச்சு."

பதினேழாம் தேதிக்குப் பிறகு அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நரிப்பையூருக்கு ஓட்ட முகேஷ் என்று ஒரு டிரைவரைப் பேசி வைத்திருக்கிறாராம். பக்கத்துப் பையன், லாரி ஓட்டியவன். என்னிடம் சொல்லவில்லை. முகேஷே வந்து என்றைக்குப் போகணும் என்று கேட்டதால் தெரிந்தது.

நான் முகேஷிடம் சொன்னேன், "நீ வர வேண்டாம்ப்பா. நான் ஓட்டிக்கிடுறேன்." ஆலன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி இரண்டு. படகு உடைந்த பிறகு வெள்ளத்துரை அண்ணன் கொடுத்த ஆவணி ஒன்று கெடுவுக்கு ஒருநாள் பிந்தியிருக்கிறேன்.

கிளம்பும்போது சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஆலன் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் ஸ்பானர். வண்டியைக் கிளப்பினேன். பெருநாழியில் டீக்கு நிறுத்தினேன். அவரே இறங்கிப் போய்க் கோட்டைக் குனிந்து பார்த்தார், கையால் தடவினார். வந்து, "டீ சூடா இல்ல" என்றார்.

"கோடு?"

"அது நேரா இருக்கு."

நரிப்பையூர்க் கரையில் பின்பக்கமாக டிரெய்லரை அலைக்குள் இறக்கினேன். ஒரே தடவையில், நேராக. கரையில் நின்றவர்களில் யாரோ விசில் அடித்தார்கள். படகு மிதந்து நழுவியது. ஒட்டுப் போட்ட முன்முனையை வெள்ளத்துரை அண்ணன் தட்டிப் பார்த்தார். "இது ஒடஞ்ச படகுன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். ஆலன் வெட்கப்பட்டுச் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் பேசினார். மெதுவாக, ரோட்டைப் பார்த்தபடி. "நீ தப்புப் பண்ணது எனக்குப் பெருசில்ல ஆன்சி. நானும்தான் எத்தன மோல்டக் கெடுத்திருக்கேன். என்கிட்டச் சொல்லாம ஒம்பது நாளு இருந்த பாரு, அதுதான்."

"இனி இருக்க மாட்டேன்."

"சரி."

நாளைக் காலை கருத்தம்மாள் அக்காவுக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். அப்புறம் இரண்டு வாரம் ஆடு பாக்கி.

3 செப்டம்பர், புதன்

மேய்ச்சல் முடிந்தது. "போ, போயி ஓம் படகப் பாரு" என்றாள் கருத்தம்மாள் அக்கா. முறிந்த கையால்தான் கம்பைப் பிடித்திருந்தாள். செவலை எனக்குப் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தது, அதை அவள்தான் கத்தித் திருப்பினாள்.

16 செப்டம்பர், செவ்வாய்

காலையில் பூமிநாதன் அண்ணன் போன். திருச்சுழிக்காரர் வந்து இரண்டு டிரெய்லருக்கும் மறுபடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். "வேல இன்னைக்கி ஆரம்பிக்கேன் தங்கச்சி. போல்ட்டு எடுக்க மதுரைக்கு நீ போயிட்டு வந்துரு. நீ பாத்து எடுத்தாத்தான் நான் மாட்டுவேன். அந்த மனுசனும் அதத்தான் கேட்டுட்டுப் போறாரு."

ஆலன் பன்னிரண்டாவது படகுக்கு மோல்டில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போக வேண்டும் என்றேன். மெழுகுக் கையைத் துடைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய பிக்கப் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இந்த ஒரு மாதமாக வண்டி எடுக்கும்போதெல்லாம் சொல்கிற மாதிரி, பார்த்துப் போ என்று சொல்லவில்லை. வரும்போது இரண்டு டப்பா ரெசின் வாங்கி வா என்றார்.